வராதவர் நாற்காலி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இது நடந்தது. ராத்திரியில் இல்லை. சுடுகாட்டிலோ பாழடைந்த வீட்டிலோ இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், ஒன்று பத்துக்கும் நாலே முக்காலுக்கும் நடுவில், நாலாவது மாடியில் இருக்கும் ஓர் ஆபீஸில் நடந்தது. நடந்தது என் மனைவிக்கு. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நான் இதை உண்மை என்று அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

அவள் வேலையை ஒரு வரியில் விளக்க முடியாது. கல்யாணமான புதிதில் என் சித்தப்பா, "மருமக என்ன வேலை பாக்குது?" என்று கேட்டபோது திருதிருவென்று முழித்தேன். ஒரு நிறுவனத்துக்குப் புதிதாக மென்பொருள் செய்து கொடுப்பதற்கு முன்னால், அதோடு புழங்கப் போகிறவர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று கேட்க வேண்டும். அரை நாள் ஓடும் அந்தக் கூட்டம். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சண்டை போடுவார்கள். சொன்னதையே இல்லை என்பார்கள். எல்லாவற்றையும் வடிகட்டி, எண் போட்டு, தேவைப் பட்டியல் என்று ஒன்றை அவள் தயார் செய்வாள். பட்டியலில் இருந்தால் செய்வார்கள். இல்லையென்றால் செய்ய மாட்டார்கள்.

முந்தின வருஷம் அதில் ஒரு தப்பு நடந்தது. ஒரு பேருந்துப் பணிமனைக்குப் போட்ட பட்டியலில், ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுகிறார் என்பது திரையில் தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தாள். யார் சொன்னது என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை. யாரோ சொன்னதாக அவளுக்கு ஞாபகம், அவ்வளவுதான். எங்கள் வாயில் நீங்களே வார்த்தையைப் போடுவீர்களா என்று குதித்து, வேலை முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி கத்தவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் நீயே கிளம்பிவிடம்மா என்று அமைதியாகச் சொன்னாராம். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அன்று இரவெல்லாம் அழுதாள்.

அதற்குப் பிறகுதான் ஆபீஸில் அந்த மென்பொருளை வாங்கினார்கள். அதன் பெயர் வாயில் நுழையாது. ஆபீஸில் வைத்த செல்லப் பெயர் ‘சாட்சி’. கூட்டத்தை வீடியோவாகப் பதிவு செய்யும். ஒவ்வொரு குரலையும் தனியாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்து, யார் எந்த நொடியில் என்ன பேசினார்கள் என்று எழுத்தில் காட்டும். "இப்படி வேண்டும்", "அப்படி இருக்கணும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் ஒரு கொடி நட்டு, தேவை என்று எண் போட்டுவிடும். பட்டியலில் ஒரு வரியைத் தொட்டால் போதும், அதைச் சொன்னவர் வீடியோவில் மறுபடி வாயைத் திறந்து சொல்வார். யாரும் தப்பிக்க முடியாது. என் மனைவிக்கு ஆபீஸில் ‘ஆதாரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். வீட்டில் உப்பு அதிகம் என்று நான் சொன்னால்கூட.

எனக்கு அப்போது வேலை போய் ஐந்து மாதம். அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அவளுக்கு அந்த வேலை போய்விடக் கூடாது. அவளுடைய பயம் அது ஒன்றுதான். என்னுடையதும் அதுவேதான்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அவள் நடத்தும் கூட்டங்களில் ஒரு நாற்காலியைக் காலியாக விடுவாள். அது அவள் தொழிலில் சிலர் வைத்திருக்கும் வழக்கம். செய்யப் போகிற ஏற்பாட்டால் அதிகம் பாதிக்கப்படுகிறவர் எவரோ, அவரைப் பெரும்பாலும் யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. அவருக்காக அந்த நாற்காலி. முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர், ‘வராதவர்’ என்று எழுதிய மடக்கு அட்டை. ஒவ்வொரு முடிவும் எடுத்த பிறகு, அந்த நாற்காலியைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்பாள். அவருடைய இடத்திலிருந்து யோசித்து, உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். ஆளில்லாத நாற்காலியிடம் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே பெண் நீதான் என்று நான் அவளைச் சீண்டியிருக்கிறேன்.

சரி, அந்தக் கூட்டம். வியாழக்கிழமை காலை. ஒரு குளிர்பதனக் கிடங்கு. மூன்று பெரிய அறைகள், உள்ளே உறைநிலைக்கும் கீழே இருபது டிகிரி. கதவுகளுக்குக் கார்டு வைத்துத் திறக்கும் புதிய பூட்டு ஏற்பாடு வேண்டும் என்றார்கள். வந்தவர்கள் நாலு பேர்: கிடங்கு மேனேஜர், சூப்பர்வைசர், எலக்ட்ரீஷியன், காவலாளிகளின் தலைவர். இவளோடு ஐந்து. மைக் பெட்டியில் ஆறு மைக்குகள் உண்டு. ஆறையும் மாட்டினால்தான் சாட்சி பதிவைத் தொடங்கும். ஆறாவதை இவள் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். அப்போது அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அன்று எடுத்த பெரிய முடிவு, கதவின் உள்பக்கக் கைப்பிடி வேண்டாம் என்பது. உள்ளே இருப்பவர்கள் அதைத் தள்ளித் தள்ளிக் கதவைத் திறந்து போட்டுவிடுகிறார்கள், குளிர் வீணாகிறது என்று மேனேஜர் சொன்னார். உள்ளே போகவும் வெளியே வரவும் கார்டு போதும், கார்டைக் காட்டி உள்ளே போனவர் வெளியே வராவிட்டால் கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரியும், பிறகு என்ன என்றார். எலக்ட்ரீஷியன் எதுவும் பேசவில்லை. இவள் வழக்கம்போல நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்குச் சம்மதமா?"

சூப்பர்வைசர்தான் பதில் சொன்னார். "சம்மதந்தான் மேடம். அவங்க எங்க போயிடப் போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். இவளும்தான்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டியல் மேனேஜர் மேஜையில் இருக்க வேண்டும். வெள்ளியும் சனியும் வேறொரு வேலை அவளை விழுங்கிவிட்டது. அதனால் ஞாயிறு மதியம் ஆபீஸுக்குப் போனாள். கட்டடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஞாயிறுகளில் லிஃப்ட் ஓடாது, ஏசியும் ஓடாது. நாலு மாடி ஏறி, வியர்த்து வழிந்து, 1.10-க்குத் தன் அறைக்குள் உட்கார்ந்தாள். வீடியோவைச் சாட்சியிடம் கொடுத்துவிட்டு, கொண்டு போன சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

1.35. வேலை முடிந்தது என்று சாட்சி மணியடித்தது.

தேவைகள்: 22. குரல்கள்: 6.

ஐந்து பேர்தான் பேசினோம் என்று யோசித்தாள். ஆறாவது குரலுக்குச் சாம்பல் நிறம் கொடுத்திருந்தது. மொத்தம் நாலு நொடி. நாற்காலி இழுபட்ட சத்தமாக இருக்கும். அந்த இடத்தைத் தொட்டாள். 1 மணி 12 நிமிடம் 40 நொடி. வீடியோ அங்கே தாவியது. "உங்களுக்குச் சம்மதமா?" என்று அவளே கேட்கிறாள். சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்கு முந்தின நொடியில்...

டொக். டொக். டொக்.

யாரோ மேஜைக்கு அடியில் காலைத் தட்டியிருக்கிறார்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மறுபடியும் பிரித்துக் காட்டு என்று சாட்சிக்குக் கட்டளை கொடுத்தாள். சில சமயம் இரண்டாவது தடவை சரியாகிவிடும்.

2.05. குரல்கள்: 6. ஆறாவது குரல், பதினோரு நொடி.

அதே வீடியோ. அதே நீளம். பதிவு முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. முடிந்துபோன பதிவில் ஒருவர் பேச்சு மட்டும் எப்படிக் கூடும்? மென்பொருளில் கோளாறு என்றுதான் முதலில் திட்டினாள். ஆனால் இந்தத் தடவை தட்டும் சத்தத்துக்குப் பக்கத்தில் சாட்சி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தது.

‘யாராவது இருக்கீங்களா’

வெளியே நடைபாதையில் யாரோ கேட்டிருப்பார்கள். அப்படியானால் ஆறு மைக்கிலும் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மைக்காகத் திறந்து பார்த்தாள். ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, நாலு, ஐந்து... இல்லை. ஆறாவதில் மட்டும் இருந்தது. பெண் குரல். சின்ன வயசு. பல் தந்தியடிக்கப் பேசுகிற குரல்.

அவள் வீடியோவை மெதுவாக ஓட்டினாள். பேசுகிறவர்களின் முகத்தைச் சுற்றி சாட்சி ஒரு கட்டம் போடும். மேனேஜருக்குப் பச்சைக் கட்டம். சூப்பர்வைசருக்கு நீலம். காலி நாற்காலியின் மேலே, ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை இருக்க வேண்டிய உயரத்தில், ஒரு சாம்பல் கட்டம் வந்தது. போனது. மறுபடி வந்து நின்றது. கட்டத்துக்குள் வெறும் சுவர்.

எலக்ட்ரீஷியன் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தின் கடைசியில் சூப்பர்வைசர் தாகமெடுத்து, வராதவருக்கு வைத்த டம்ளரை எடுக்கிறார். வாயில் வைத்துக் கவிழ்க்கிறார். தண்ணீர் வரவில்லை. டம்ளரை உற்றுப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கீழே வைக்கிறார். வியாழக்கிழமை இவள் அதைக் கவனிக்கவே இல்லை.

2.48. சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். அன்றைக்கு அந்தத் தண்ணீர் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"ஐஸா இருந்துச்சு மேடம். ஏசி காத்து பட்டிருக்கும்னு நெனச்சேன்."

ஏசி போட்டு எந்த ஊரில் தண்ணீர் உறைகிறது? ஆனால் பயப்படவும் அவளுக்கு நேரமில்லை. பட்டியல் முடிய வேண்டும். மூன்றாவது தடவையாகப் பிரிக்கச் சொன்னாள். சாட்சி வேலை செய்த இருபது நிமிடமும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

3.10. ஆறாவது குரல், ஐம்பத்திரண்டு நொடி. தேவைகள்: 23.

இருபத்து மூன்றாவது தேவைக்கு நேராகச் சாம்பல் கொடி.

‘கதவு உள்ளேருந்து திறக்கணும்’

கீழே ஒரு பெட்டி. இந்தக் குரல் யாருடையது? பெயர் கொடுங்கள். பெயர் கொடுக்கும் வரை பட்டியலை அனுப்பும் பொத்தான் வேலை செய்யாது. வழி மூன்றுதான். பெயர் கொடுக்கலாம். வேறொருவர் குரலோடு சேர்த்துவிடலாம். இல்லை, அழித்துவிடலாம்.

யார் பெயரைக் கொடுப்பாள்? திங்கட்கிழமை காலை மேனேஜர் அந்த வரியைத் தொட்டுப் பார்ப்பார். வீடியோவில் ஒரு காலி நாற்காலி தெரியும். மறுபடி பேருந்துப் பணிமனைக் கதைதான். மறுபடி, யார் சொன்னது, ஆதாரம் எங்கே. தலையில் கை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். பிறகு எனக்குப் போன் போட்டாள்.

அப்போது மணி 3.25. நான் மகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். நான் பாதியில் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, போனைக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்து, அந்த இடத்தை ஓட்டினாள்.

"கேட்டுச்சா?"

"இரைச்சல்தான்மா" என்றேன்.

"நல்லாக் கேளுங்க."

"இரைச்சல்தான். மிஷின் எதையோ பேச்சுன்னு நெனச்சுக்குது."

பிறகு, எலக்ட்ரீஷியன் நல்ல மனுஷர், இந்த வரியை அவர் சொன்னதாகப் போட்டுக்கொள்ளலாமா என்று அவரையே கேட்கட்டுமா என்றாள். வரி நியாயமான வரிதான், யார் சொன்னால் என்ன, கதவு உள்ளேயிருந்து திறக்கத்தானே வேண்டும் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன வருஷம் பட்டது போதாதா, இல்லாத ஆள் சொன்னதை இருக்கிற ஆள் தலையில் கட்டி மாட்டிக்கொள்ளப் போகிறாயா, உனக்கும் வேலை போனால் நாம் மூன்று பேரும் எங்கே போவது என்று பொரிந்து தள்ளினேன். கடைசியாக நான் சொன்னது இதுதான்.

"அழிச்சுட்டு வீட்டுக்கு வா."

3.50. அழிப்பதற்காகச் சாம்பல் கொடியின் மேல் அம்புக்குறியை வைத்தாள்.

இந்தத் தடவை அவள் எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை. ஆறாவது குரலின் நொடிக் கணக்கு தானாக ஏறியது. ஐம்பத்திரண்டு... ஐம்பத்தெட்டு... ஒரு நிமிடம் ஆறு நொடி...

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கண் முன்னால் வந்தன.

‘மணி நாலாகப் போகுது’

வீடியோவில் மணி காலை பதினொன்று ஐம்பத்திரண்டு.

‘இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. யாரும் வர மாட்டாங்க’

கூட்டம் நடந்தது வியாழக்கிழமை.

இது வியாழக்கிழமைப் பேச்சு இல்லை. இது இன்றைய பேச்சு. இந்த நிமிடம், யாரோ ஒரு பெண், அந்தக் கிடங்குக்குள்ளே...

4.02. சூப்பர்வைசருக்கு மறுபடி போன். கிடங்கில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், மூன்று அறையையும் உடனே திறந்து பாருங்கள் என்று கெஞ்சினாள். உங்களுக்கு யார் சொன்னது என்று அவர் கேட்டார். உங்கள் காலில் விழுகிறேன் என்றாளாம். அவர் வீடு கிடங்குக்குப் பக்கம்தான். நல்ல மனுஷர், ஓடினார். போனை வைக்காமலே ஓடினார்.

4.20. முதல் அறையைத் திறக்கும் சத்தம் போனில் கேட்டது. காலடிச் சத்தம். யாரும் இல்லை.

இரண்டாவது அறை. யாரும் இல்லை.

மூன்றாவது. பெட்டிகளுக்குப் பின்னால்கூடப் பார்த்தார். யாரும் இல்லை.

"மேடம், இங்க பொம்பளையாள் யாரும் வேலையிலயே இல்ல."

அவர் குரலில் எரிச்சல் இல்லை, பரிதாபம் இருந்தது. மேனேஜரிடம் சொல்ல மாட்டேன், ஓய்வு எடுங்கள் என்றார். அவளுக்கு அவமானத்தில் காது சூடானது. அதோடு ஒரு நிம்மதி. யாரும் இல்லை. அப்படியானால் மிஷின் கோளாறுதான். நான் போனில் சொன்னதுதான் சரி என்று நினைத்தாள்.

4.38. அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். காரணம் எழுதுங்கள் என்று சாட்சி கேட்டது.

‘இரைச்சல்’ என்று எழுதினாள்.

அறை குளிர்ந்திருந்தது. ஏசி இல்லாத அறை. வியர்வையில் நனைந்த சட்டை முதுகில் சில்லென்று ஒட்டியது. விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன.

உறுதியா என்று சாட்சி கேட்டது.

எண் ஏறியது. ஒரு நிமிடம் நாற்பது... நாற்பத்தைந்து... ஐம்பது.

நின்றது.

கடைசி வரி வந்தது.

‘அக்கா... நான் சொன்னத அழிச்சிடாதீங்க’

ஸ்பீக்கரிலும் கேட்டது. மெதுவாக. தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அழுத்தினாள்.

மணி 4.44.

சாம்பல் கொடி போய்விட்டது. தேவைகள் 22. குரல்கள் 5. பட்டியலை அனுப்பிவிட்டாள்.

டொக். டொக். டொக்.

ஸ்பீக்கர் இல்லை.

அறைக் கதவு.

அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி தட்டும் சத்தம் வரவில்லை. பத்து வரை எண்ணினாள். போய்க் கைப்பிடியைத் தொட்டாள்.

உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. ஐஸ்.

திறந்தாள். நடைபாதையில் யாரும் இல்லை.

நாலு மாடியும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தபோது வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. நான் மருந்து போட்டேன். எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பட்டியல் ஒரே மூச்சில் ஒப்புதல் ஆனது. ஒவ்வொரு வரியையும் தொட்டுப் பார்த்து, சொன்னவர் முகம் வருவதைப் பார்த்து மேனேஜர் மகிழ்ந்து போனாராம். முதலாளி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவள் வேலை நிலைத்தது. உள்பக்கக் கைப்பிடி இல்லாத மூன்று கதவுகளும் ஏழே வாரத்தில் மாட்டியாகிவிட்டன. அவள் கூட்டங்களில் காலி நாற்காலி வைப்பதை நிறுத்திவிட்டாள். நான் காரணம் கேட்கவில்லை.

பதினோராவது வாரம் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை.

கிடங்கில் துப்புரவு வேலைக்கு ஒரு பெண் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயது. கார்டு இன்னும் கொடுக்கவில்லை. வேறொருவர் கார்டைக் காட்டித் திறந்தபோது அவர் பின்னாலேயே உள்ளே போயிருக்கிறாள். பெட்டிகளுக்குப் பின்னால் தரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவளைப் பார்க்காமல் அவர் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு கார்டு உள்ளே போனது, ஒரு கார்டு வெளியே வந்தது. கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரியவில்லை. பட்டியலில் எழுதியபடி எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தது. மறுநாள் காலைதான் கதவைத் திறந்தார்கள்.

பட்டியல் எழுதியவள் என்ற முறையில் இவளையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். வாசலில் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். உள்பக்கம் ஒரு கைப்பிடி இருக்க வேண்டும் என்று அன்றைக்கே தன் வாய்வரை வந்தது, மேனேஜருக்குப் பயந்து விழுங்கிவிட்டேன் என்றார். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பெயரில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனுஷர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

உள்ளே அதிகாரி ஒரு போனை மேஜையில் வைத்தார். அந்தப் பெண்ணுடைய போன். குளிர் அறைக்குள் சிக்னல் கிடையாது. யாரையும் கூப்பிட முடியாமல், விட்டு விட்டுத் தன் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறாள். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் ஐம்பது நொடி. கடைசிப் பதிவு நின்ற நேரம் மாலை 4.44.

ஓட்டினார்.

டொக். டொக். டொக்.

‘யாராவது இருக்கீங்களா.’ ‘கதவு உள்ளேருந்து திறக்கணும்.’ ‘மணி நாலாகப் போகுது.’ ஒவ்வொரு வரிக்கும் முன்னாலேயே என் மனைவியின் உதடு அசைந்தது. ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

கடைசி வரி முடிந்ததும் அதிகாரி பதிவை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, யாரை அக்கா என்று கூப்பிடுகிறாள், எதை அழிக்க வேண்டாம் என்கிறாள், உங்களுக்கு ஏதாவது புரிகிறதா என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னோம்.

அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் எந்த அறைக் கதவையும் அவள் சாத்த விடுவதில்லை. அன்றைக்கு ஆபீஸில் அந்தக் குரல் தனக்கு மட்டும்தான் கேட்டது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். தனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று சில நாள் என்னிடமே கேட்பாள். நான் தலையைத் தடவிக் கொடுப்பேன்.

முதலில் ஒரு காரணம் சொல்கிறேன் என்றேனே. இதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, 3.25-க்கு, அவள் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தபோது... எனக்கும் கேட்டது. மூன்று தட்டு. அப்புறம் ஒரு பெண் குரல், தெளிவாக, பக்கத்து அறையில் பேசுவது போல.

"நான் இங்கதான் இருக்கேன்."

இரைச்சல் என்று சொன்னேன்.